சாட்சியும் ஆவியும்: கேம்பிரிட்ஜ் கல்லூரிப் பேய்க்கதைகள் உருவான வரலாறு

1632ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் முதல் தேதியில் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் முன்னிலையில் அன்று பிரசங்கம் செய்யவேண்டியவர் ஹென்றி பட்ஸ். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் முதல்வர். பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அவரே. பிரசங்கத்துக்கு அவர் வரவில்லை. தம் இல்லத்தில் தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தார். 1630இல் கொள்ளைநோய் வந்து பலரும் ஊரைவிட்டு ஓடியபோது, ஓடாமல் இருந்து நகரைப் பார்த்துக்கொண்டவர் அவர். தூக்கிட்டுக்கொள்வதற்குச் சில நாள் முன்புதான் அரசர் முதலாம் சார்லஸ் கேம்பிரிட்ஜுக்கு வந்து போயிருந்தார். அரசர் முன் நடிக்க பட்ஸ் முன்னிறுத்திய நாடகம் எடுபடவில்லை. அந்த அவமானம் அவரைத் தின்றது என்று சொல்வார்கள்.

அன்றைய பதிவுகள் பேசுவது இந்தத் தற்கொலையைப் பற்றித்தான். பேய் பிறகு வந்து சேர்ந்தது. அது எப்போது, யார் கைவழியே வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நம் ஊர்ப் பேய் புளியமரத்தில் இருக்கும், பாழுங்கிணற்றில் இருக்கும். அதை வளர்ப்பது வாய்மொழி. கேம்பிரிட்ஜ் பேயின் வளர்ப்பு வேறு. அது காகிதத்தில் வளர்ந்தது. சுற்றறிக்கை, வினாத்தாள், குறிப்பேடு, சுவடி அட்டவணை என்று படித்தவர்கள் புழங்கிய தாள்களிலேயே அது உருவம் பெற்றது என்பது என் துணிபு.

கார்ப்பஸ் கிறிஸ்டி 1352இல் நகரத்துச் சமயச் சங்கத்தார் சேர்ந்து நிறுவிய கல்லூரி. அதன் பழைய முற்றம் பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம். முன்பு முதல்வர் இல்லமாக இருந்த பகுதியைத்தான் பேய் வாழும் இடமாகச் சொல்வது வழக்கம். அங்கே உலவுவது பட்ஸ் என்பது ஒரு கதை. இன்னொரு கதையில் அது ஜான் ஸ்பென்சர் காலத்து ஆவி. ஸ்பென்சர் 1667 முதல் 1693 வரை முதல்வராக இருந்தவர். அவருடைய மகளும் அவள் காதலனான மாணவனும் பேசிக்கொண்டிருக்கையில் தகப்பனாரின் காலடிச் சத்தம் கேட்டதாம். பையனை அலமாரிக்குள் ஒளித்தாளாம். வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் அலமாரியில் அவன் மூச்சுமுட்டிச் செத்தானாம். இந்தக் கதையைத் தோளில் சுமக்கும் ஸ்பென்சர் உண்மையில் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். வால்மீன், விகாரப் பிறப்பு போன்றவற்றைத் தெய்வக் குறி என்று நம்பி அஞ்சுவதைக் கண்டித்து 1663இல் நூல் எழுதியவர் அவர். சகுனத்தை மறுத்தவரின் வீட்டிலேயே பேயைக் குடிவைத்துவிட்டது கல்லூரி.

பேயைப் பற்றி முறையாகத் தகவல் திரட்டும் முயற்சி 1851இல் தொடங்குகிறது. டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் ஆவிக் குழு ஒன்றை அமைத்தார்கள். எட்வர்ட் ஒயிட் பென்சன், பிரூக் ஃபாஸ் வெஸ்ட்காட், ஃபென்டன் ஹார்ட் ஆகியோர் அதில் இருந்தனர். அமானுஷ்ய அனுபவம் உண்டா, நேரில் கண்டவர் யார், எப்போது, எந்த நிலையில் என்று கேட்டு அச்சிட்ட சுற்றறிக்கையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். நண்பர்கள் கேலியாக அதைப் பூச்சாண்டிச் சங்கம் என்றார்கள்.

இந்தப் பெயர்ப்பட்டியலைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பென்சன் பிற்காலத்தில் கேன்டர்பரி பேராயர் ஆனார். வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் 1881இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் திருத்தப் பதிப்பை வெளியிட்டு விவிலிய ஆய்வையே திசைதிருப்பியவர்கள். பதிப்புக் கலையில் ஒவ்வொரு சுவடிக்கும் ‘சாட்சி’ என்றே பெயர். எந்தச் சாட்சி பழையது, எது எதிலிருந்து படியெடுத்தது, எங்கே எழுதியவன் கை தவறியது என்று நிறுத்துப் பார்ப்பதே அந்தக் கலை. நூறு சுவடி ஒரே பாடத்தைச் சொன்னாலும் அவை அனைத்தும் ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள் என்றால் அது ஒரு சாட்சிதான். பேயைப் பற்றிய வதந்தியிலும் இதே கணக்குச் செல்லும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட உ.வே.சாமிநாதையரின் பரம்பரையில் வந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் பேய்ப் பக்கம் போனது இளமைக் கிறுக்கு என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தள்ளிவிடுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவடியில் செய்ததையே அவர்கள் பேயிலும் செய்யப் பார்த்தார்கள்.

அந்தக் குழுவில் பின்னால் சேர்ந்த ஹென்றி சிட்ஜ்விக் இதைப் பொழுதுபோக்காக விடவில்லை. ஆங்கிலத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்துக்கு மனசாட்சியோடு உடன்படமுடியாது என்று 1869இல் டிரினிட்டி ஃபெல்லோ பதவியையே துறந்த தத்துவவாதி அவர். நம்பிக்கை போன இடத்தில் ஆதாரமாவது கிடைக்குமா என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. 1882இல் லண்டனில் மனோதத்துவ ஆய்வுச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். அதன் தூண்களாக நின்ற ஃபிரெடெரிக் மையர்ஸ், எட்மண்ட் கர்னி இருவரும் டிரினிட்டிக்காரர்கள். 1894இல் வெளியான சங்கத்தின் பெரிய கணக்கெடுப்பில் 17,000 பேரிடம் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: முழு விழிப்பில் இருக்கும்போது, புறக்காரணம் எதுவும் இல்லாமல் உருவத்தைக் கண்டதோ குரலைக் கேட்டதோ தீண்டலை உணர்ந்ததோ உண்டா? கனவு, மயக்கம் என்று கழிக்கவேண்டியவற்றைக் கழித்தபின் 1,684 பேர் உண்டு என்றார்கள். இந்த உழைப்பில் பெரும்பங்கு சிட்ஜ்விக்கின் மனைவி எலினருடையது. அவர் அப்போது நியூனம் மகளிர் கல்லூரியின் முதல்வர்.

இந்த ஆய்வுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1884 செப்டம்பரில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் இதழ், பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியவை என்று சில கடிதங்களை வெளியிட்டது. அடையாறில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் ஏற்பாடு செய்யப்பட்ட தந்திரங்கள் என்பது அக்கடிதங்கள் சொன்ன சேதி. கொடுத்தவர் அடையாறில் அவரோடு இருந்த எம்மா கூலோம். விசாரிக்க மனோதத்துவ ஆய்வுச் சங்கம் அனுப்பியவர் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன். ஆஸ்திரேலியாவில் பிறந்து கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தவர். 1884 டிசம்பரில் அடையாறு வந்து மாதக்கணக்கில் தங்கி, அறைச் சுவரையும் கையெழுத்தையும் சாட்சிகளையும் துருவினார். 1885இல் வெளியான அவரது அறிக்கை மோசடி என்றே தீர்ப்பளித்தது. அதன் நியாயம் பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கேம்பிரிட்ஜில் கற்ற சாட்சி விசாரணை ஒரு கல்லூரி இதழின் பக்கங்கள் வழியாக அடையாற்றங்கரை வரை வந்தது.

இத்தனை விசாரித்தும் சிட்ஜ்விக்குக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. 1900இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, கார்ப்பஸ் கிறிஸ்டியில் பேய் மறுபடி தலைகாட்டியது.

1904 ஈஸ்டர் பருவம், பிற்பகல் நேரம். பழைய முற்றத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் காரணமில்லாத கலக்கத்தோடு நிமிர்ந்து பார்க்கிறார். எதிர்ப்பக்க மாடி ஜன்னலில் நீண்ட தலைமயிரோடு ஒருவர், தலையும் தோளும் மட்டும், அசைவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. அறைக்காரரோ பிற்பகல் முழுக்க வெளியே போயிருந்தார். பிறகு ஆறு மாணவர்கள் சேர்ந்து பேயோட்ட முயன்றார்கள். பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட ஷேன் லெஸ்லி அவர்களில் ஒருவர். வெள்ளைத் துணி சுற்றிய உருவம் மூடுபனிபோலத் திரண்டு வந்ததாகவும் அதன் கழுத்தில் வெட்டுக்காயம் இருந்ததாகவும் கண்டவர்கள் சொன்னார்கள். கண்டவர்கள் இருவர், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஆண்டே, புதிதாகத் தொடங்கிய அமானுஷ்ய இதழ் ஒன்றில் இது அச்சேறியது.

தூக்கில் தொங்கியவருக்குக் கழுத்தில் வெட்டுக்காயம் எதற்கு? அலமாரியில் மூச்சுமுட்டியவனுக்குத்தான் எதற்கு? ஹார்ட் இருந்திருந்தால் இங்கேயே பேனாவை வைத்துக் கோடு போட்டிருப்பார். இரண்டு கதைக்கும் பொருந்தாத இந்த உருவத்தைப் பிற்காலத்துப் புத்தகங்கள் கூசாமல் பட்ஸின் பெயரில் எழுதிவைத்தன. பேய்க்குப் பெயர் தேவைப்பட்டது. ஆவணத்தில் பெயர் இருந்தது.

அதே 1904இன் இறுதியில் மாண்டேகு ரோட்ஸ் ஜேம்ஸின் முதல் பேய்க்கதைத் தொகுதி வெளிவந்தது. கிங்ஸ் கல்லூரி ஃபெல்லோ. அடுத்த ஆண்டு அதே கல்லூரியின் தலைவர். ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் இயக்குநர். கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் இடைக்காலச் சுவடிகளுக்கு ஒவ்வொன்றாக விளக்க அட்டவணை செய்தவர். கார்ப்பஸ் கிறிஸ்டியின் பார்க்கர் நூலகச் சுவடிகளும் அதில் அடங்கும். ஆவிக் குழுவினர் போலவே இவரும் சுவடி மனிதர். ஆனால் கேள்வியை இவர் தலைகீழாக மாற்றினார். பேய் உண்டா என்று இவர் விசாரிக்கவில்லை. உண்டு என்று சொல்லும் ஆவணம் எப்படி இருக்கும் என்று எழுதிக்காட்டினார். பழைய லத்தீன் குறிப்பு, பாதி அழிந்த கல்வெட்டு, விற்பனையாளர் அட்டவணையில் வந்த ஒரு படம், அடிக்குறிப்பு என்று ஒரு புலவரின் மேசைப் பொருள்களே அவர் கதையில் பேயை அழைத்துவரும். தூசுபடிந்த உண்மைகளை அடுக்கிக்கொண்டே போவார். எந்த வரியில் பொய் தொடங்கியது என்று வாசகனுக்குத் தெரியாது. அவருடைய பேய் இரக்கத்துக்குரியதும் அல்ல. ஈரமும் மயிருமாகக் கையில் தட்டுப்படும்.

அவர் தம் கதைகளை நண்பர் அவையில் முதலில் வாசித்தது 1893 அக்டோபரில். பிறகு அது கிங்ஸில் கிறிஸ்துமஸ் வழக்கமாயிற்று. எல்லாரும் காத்திருக்க, மை காயாத தாள்களோடு உள்ளறையிலிருந்து வருவார். ஒன்றை விட்டு மற்ற மெழுகுவர்த்திகளை ஊதி அணைப்பார். உட்கார்ந்து வாசிப்பார். ஃபெல்லோக்கள் மணம் செய்துகொள்ளக்கூடாது என்ற பழைய விதி 1882இல் தளர்ந்தபின் பலர் குடும்பத்தோடு நகர்ப்புற வீடுகளுக்குப் போய்விட்டார்கள். விடுமுறையில் கல்லூரிக்குள் தங்கியவர்கள் ஜேம்ஸைப் போன்ற பிரம்மச்சாரிகள்தாம். காலியான முற்றம், குளிர்காலத்து இருட்டு, ஒவ்வொரு மாடிப்படியிலும் பூட்டிக்கிடக்கும் அறைகள். கல்லூரிப் பேய்க்கதை இலக்கிய வடிவமாகத் திரண்டது இந்தத் தனிமையில்தான் என்று நினைக்கிறேன். ஆவிக் குழு நிறுவிய பேராயர் பென்சனின் மூன்று புதல்வர்களும் கேம்பிரிட்ஜில் படித்துப் பேய்க்கதை எழுதியவர்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். தகப்பன் சுற்றறிக்கை அனுப்பினார்; பிள்ளைகள் கதை எழுதினார்கள்.

அடுத்த கட்டத்தை முதல் உலகப்போர் கொண்டுவந்தது. மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். கிங்ஸ், கிளேர் கல்லூரிகளின் கிரிக்கெட் மைதானத்தில் ராணுவ மருத்துவமனை எழுந்தது. அந்தச் சூழலில்தான் இரண்டு சிறு நூல்கள் வந்தன. 1918இல் ஏ.பி. பேக்கர், கிறிஸ்ட்ஸ் கல்லூரித் தோட்டத்தில் மில்டன் பெயரால் வழங்கும் மல்பெரி மரத்தருகே உலவும் ரவுண்ட் என்பவரின் ஆவியைப் பற்றி எழுதினார். 1919இல் ஜீசஸ் கல்லூரி முதல்வர் ஆர்தர் கிரே, இங்கல்ஃபஸ் என்ற புனைபெயரில் ஒரு தொகுதி வெளியிட்டார். அதில் ஒரு கதை அழியாச் சங்கத்தைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழு பேர் தொடங்கிய சங்கம்; ஆண்டுதோறும் நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில் கூடவேண்டும்; செத்தாலும் உறுப்பினர் உறுப்பினரே. கூட்டக் குறிப்பேட்டில் செத்தவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பேய்க்கதையின் நடுவே குறிப்பேடும் கையெழுத்தும் விதிமுறையும்! கல்லூரி நிர்வாகத்தில் ஊறிய ஒரு முதல்வருக்கே இந்தக் கற்பனை வரும். இரண்டு நூலும் புனைவு. ஆனால் ஆவணம்போலவே எழுதிய புனைவு என்பதால், ஆசிரியர் பெயர் உதிர்ந்து கதை மட்டும் நின்றது. சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும்போது ரவுண்டும் அழியாச் சங்கத்தாரும் நிஜமாக வாழ்ந்தவர்களாகவே நடமாடுகிறார்கள். கர்ணபரம்பரைக் கதைகளைப் புலவர்கள் ஏட்டில் எழுதிவைத்ததைத்தான் நாம் அறிவோம். இங்கே ஏட்டிலிருந்து கதை வாய்க்கு இறங்கியிருக்கிறது.

கிங்ஸை விட்டு ஈட்டன் பள்ளியின் தலைவராக ஜேம்ஸ் போனது 1918இல். இறந்தது 1936 ஜூனில். அவருடைய கடைசிக் கதை அதற்குப் பின்னரே இதழில் வந்தது. அதில் கல்லூரி இல்லை, சுவடி இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. சஃபோக்கில் அவர் வளர்ந்த பாதிரியார் இல்லத்தை ஒத்த ஒரு வீடு, அதன் தோட்டம், மரக்கதவில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு முகம் உள்ளே பார்க்கிறது. கண்டவன், அப்போது சிறுவனாக இருந்த கதைசொல்லி. அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை.