36 பேரின் பசி

இந்த வாரக் கதை 1944-ல், அமெரிக்காவில், ஒரு ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு அடியில் நடக்கிறது. ஆனா அங்கே போறதுக்கு முன்னாடி என் கதையில் ஒரு சின்னத் துண்டைச் சொல்லிடறேன். அது இல்லாமல் இந்த எபிசோடை ஏன் பண்றேன்னு புரியாது.

ஸ்கூலில் என் பட்டப்பெயர் 'பப்ளிமாஸ்'. ப்ளஸ் ஒன் லீவில் டயட் ஆரம்பித்தேன். எவ்வளவு சாப்பிட்டேன், எத்தனை கிலோ குறைந்தேன்னு நம்பர் எதையும் சொல்லப் போறதில்லை. பதினேழு வயசில் நான் இதைக் கேட்டிருந்தா அந்த நம்பரை ஸ்கோராக எடுத்துக்கிட்டு, அதைத் தாண்டப் பார்த்திருப்பேன். இவ்வளவு மட்டும் சொல்றேன். ப்ளஸ் டூ முடியும்போது பார்த்தவங்க எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கு எப்பவும் குளிரும். மே மாசம் ஃபேனை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை போடுவேன். லஞ்ச் பாக்ஸை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கொடுத்துட்டு, ராத்திரி உட்கார்ந்து டிவியில் சமையல் நிகழ்ச்சியா பார்ப்பேன். ஒரு நாளும் நான் சமைச்சதில்லை.

அப்புறம் காலேஜ், ஹாஸ்டல். முதல் செமஸ்டரிலேயே எல்லாம் உடைஞ்சுது. மெஸ்ஸில் சாப்பிட்டு, வெளியே போய் பரோட்டா சாப்பிட்டு, ரூமுக்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பேன். வயிறு வலிக்கும், ஆனா பசி நிக்காது. எனக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு முடிவு பண்ணி மறுபடியும் டயட். மறுபடியும் உடையும். மூணு வருஷம் இப்படியே போச்சு.

இப்போ ஸ்டேடியத்துக்குப் போகலாம்.

1944. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் இருந்தார்கள். போர் முடிந்தால் இவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஆனால் நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதற்கு அறிவியலில் சரியான விடை இல்லை. அந்த விடையைத் தேடியவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ். அமெரிக்க ராணுவத்துக்கு 'கே-ரேஷன்' உணவுப் பொட்டலத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர். அவருடைய ஆய்வுக்கூடம் பல்கலைக்கழக ஸ்டேடியத்தின் அடியில் இருந்தது.

பட்டினி கிடக்க யார் சம்மதிப்பார்கள்? மனசாட்சியின் பேரில் துப்பாக்கி எடுக்க மறுத்து, ராணுவத்துக்குப் பதிலாகப் பொதுச்சேவை செய்துகொண்டிருந்த இளைஞர்கள். போரில் சண்டை போட மாட்டோம், ஆனால் பசித்தவர்களுக்கு உதவ எங்கள் உடம்பைத் தருகிறோம் என்று வந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் கை தூக்கினார்கள். உடல் நலம், மன உறுதி, மற்றவர்களோடு ஒத்துப்போகும் குணம் எல்லாவற்றையும் சோதித்து 36 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மன உறுதிங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு, ஒரு நாளைக்குச் சுமார் 3,200 கலோரி. 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரத்துக்குப் பாதிப் பட்டினி. அப்போது கிடைத்தது சுமார் 1,570 கலோரி, இரண்டே வேளை. போர்க்கால ஐரோப்பாவில் கிடைத்ததைப் போல உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. இதோடு வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு மாதத்தில் உடல் எடையில் கால் பங்கு குறைய வேண்டும் என்பது திட்டம்.

கவனிச்சீங்களா? இது சுத்தப் பட்டினி இல்லை. இன்னைக்கு இன்டர்நெட்டில் சுத்துற பல டயட் சார்ட்டில் இதைவிடக் கம்மியாத்தான் போட்டிருக்கு.

முதலில் உடம்பு சுருங்கியது. தலை சுற்றல், முடி உதிர்தல், கால் வீக்கம். கோடையிலும் குளிர். நாடித்துடிப்பு மெதுவானது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. ஃபோனில் சார்ஜ் தீரும்போது பேட்டரி சேவர் ஆன் ஆகுமே, அந்த மாதிரி. உடம்பு தேவையில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தது.

அடுத்து மனசு. சாதுவாக இருந்தவர்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். நண்பர்கள், படிப்பு, காதல், எதிலும் ஈடுபாடு இல்லை. ஒரே நினைப்பு சாப்பாடு. ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் இழுத்தார்கள், தட்டை நக்கினார்கள். சூயிங் கம்மும் காபியும் எல்லை மீறியதால் காபிக்கு நாளுக்கு 9 கப் என்று வரம்பு வைக்க வேண்டியிருந்தது. சினிமாவுக்குப் போனால் காதல் காட்சியில் கவனம் போகாது, திரையில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் கண் இருந்தது என்று பல வருஷம் கழித்து ஒருவர் பேட்டியில் சொன்னார். சமையலில் அதுவரை ஆர்வமே இல்லாத ஆண்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள்.

இந்த இடத்தைப் படிச்சப்ப லேப்டாப்பை மூடிட்டேன். டிவி முன்னாடி சமையல் நிகழ்ச்சி பார்த்துட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையன் ஞாபகம் வந்தான். எனக்கு மட்டும்தான் இப்படின்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன்.

ஆனா எனக்கு இன்னும் முக்கியமான பகுதி இதுக்கு அப்புறம்தான். பட்டினியைப் பத்திச் சொல்றவங்க பல பேர் இங்கேயே நிறுத்திடுவாங்க.

ஜூலை 28-ல் பட்டினிக் கட்டம் முடிந்தது. மறுநாள் முதல் மீட்பு. 32 பேரை எட்டு எட்டாக நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். பட்டினிக் கால அளவுக்கு மேல் ஒரு குழுவுக்கு 400 கலோரி, மற்றவற்றுக்கு 800, 1,200, 1,600. குறைவாகக் கிடைத்த குழு வாரக்கணக்கில் தேறவே இல்லை. கூடுதலாகக் கொடுத்த வைட்டமினும் புரோட்டீனும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காட்டவில்லை. வேறு வழியின்றி எல்லாருக்கும் அளவை உயர்த்தினார்கள். நல்ல ஆரோக்கியமாக இருந்தபோது சாப்பிட்ட 3,200 கூட மீளப் போதாது, சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு 4,000 கலோரி அளவில் தேவை என்ற முடிவுக்கு கீஸ் வந்தார்.

சிலருக்கு மீட்பின் முதல் வாரங்களில் மனநிலை இன்னும் மோசமானது. கட்டுப்பாடுகள் விலகியதும் சிலர் ஒரே நாளில் 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டார்கள். வயிறு நிரம்பி வலித்த பிறகும் பசிக்கிறது என்றார்கள். ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. போன தசையைவிடக் கொழுப்பு வேகமாகத் திரும்பியது, அதனால் குண்டாகிவிட்டதாகச் சிலர் வருந்தினார்கள். தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுக்கு நாளாக ஆக எடை பழைய நிலையை நெருங்கியது.

இப்போ அந்த மன உறுதிக்கு வருவோம். கொள்கைக்காக நாட்டையே எதிர்த்து நின்ற ஆட்கள் இவங்க. உறுதி இல்லாதவங்கன்னு யாரும் சொல்ல முடியாது. அவங்களுக்கே சாப்பிடறதை நிறுத்த முடியலை. அப்போ ஹாஸ்டல் ரூமில் ராத்திரி பிஸ்கட் பிரிச்ச பதினெட்டு வயசுப் பையன்கிட்ட குறையா இருந்தது கட்டுப்பாடு இல்லை, சாப்பாடு. உடம்பு பழைய கடனை வசூல் பண்ணிட்டு இருந்தது. பாதி கட்டி முடிக்கிறதுக்குள்ள நான் அடுத்த டயட்டை ஆரம்பிச்சுப் புதுக் கடன் வாங்கிட்டு இருந்தேன்.

ஒப்பீட்டுக்கு எல்லை இருக்கு, ஒத்துக்கறேன். அவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆண்கள், ஆரோக்கியமானவர்கள். எந்தத் தேதியில் முடியும் என்று தெரியும், கூடவே தோழர்களும் டாக்டர்களும் இருந்தார்கள். டயட் பண்ற டீன்ஏஜருக்கு முடிவுத் தேதி கிடையாது, உடம்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்கும், சுத்தி இருக்கிறவங்க கைதட்டுவாங்க. என்னைக் கேட்டா நம்ம நிலைமை அவங்களோடதைவிடக் கஷ்டம்.

போர் கீஸை முந்திக்கொண்டு முடிந்தது. 1946-ல் நிவாரணப் பணியாளர்களுக்காக ஒரு கையேடு வந்தது. முழு ஆய்வு 1950-ல் இரண்டு தொகுதிகளாக, 1,300-க்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளியானது. இன்றைய விதிகளின்படி இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது. ஆனால் உணவுக் கோளாறு சிகிச்சையில் இந்தக் கதையை நோயாளிகளுக்கு இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். உங்கள் நடத்தையில் பெரும்பகுதி உங்கள் குணம் அல்ல, பட்டினியின் விளைவு என்று புரியவைக்க. 2003-04-ல் உயிரோடிருந்தவர்களில் 18 பேரைப் பேட்டி கண்டபோது, முழுதாக மீள இரண்டு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை ஆனது என்றார்கள்.

இந்த ரெண்டு வருஷம்தான் எனக்கு நிம்மதி தந்த நம்பர். ஃபைனல் இயரில் ஒரு டாக்டரையும் டயட்டீஷியனையும் பார்த்தேன். அவங்க சொன்னது ரொம்ப போரான விஷயம். மூணு வேளை, நடுவில் ரெண்டு தடவை சிற்றுண்டி, நேரத்துக்கு. நேத்து ராத்திரி அதிகமா சாப்பிட்டிருந்தாலும் காலை இட்லியைத் தவிர்க்கக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமா இருந்தது. தவிர்த்தா அந்த ராத்திரி திரும்ப வரும், சாப்பிட்டா கொஞ்சம் கொஞ்சமா ஓயும். எடை ஏறிச்சு, அப்புறம் ஒரு இடத்தில் நின்னுது. ராத்திரிப் பசி அடங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஒரு எச்சரிக்கை. ரொம்ப நாள் ரொம்பக் குறைவா சாப்பிட்டிருந்தா, திடீர்னு நிறைய சாப்பிடறதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புகளோட அளவு குலைஞ்சு உயிருக்கே பிரச்சினை வரலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க. மயக்கம், மாதவிலக்கு நின்னுபோறது, நெஞ்சுப் படபடப்பு இருந்தா நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க.

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் ரெண்டாவது தடவை பாயசம் கொண்டுவந்தாங்க. வயிறு நிறைஞ்சிருந்தது, போதும்ணேன்னு சொல்லிட்டுப் பக்கத்துல இருந்த சித்தப்பாகிட்ட கிரிக்கெட் பேச ஆரம்பிச்சேன். அன்னைக்கு இலையில் இருந்த எதையும் நான் எண்ணவே இல்லைன்னு பஸ்ஸில் வரும்போதுதான் தோணுச்சு.

அடுத்த வாரம் வேற கதையோட வரேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க.