கோப்பிக் காலத்தை முடித்த துரு



நான் அதிபராகக் கடமையாற்றிய மலையகப் பாடசாலை ஒன்றின் வேலியோரத்தில் ஒரு கோப்பிச் செடி நின்றது. அதை நட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பறவை இட்ட விதையாக இருக்கலாம். பழைய தோட்டமொன்றின் எச்சமாகவும் இருக்கலாம். அதன் இலையொன்றைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்த பொடி வட்டம் வட்டமாக அப்பியிருக்கும். விரலால் தடவினால் விரலில் ஒட்டிக்கொள்ளும். மலையகத்துப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய முன்னோரின் வரலாற்றைக் கற்பிக்க அந்த இலையினும் நல்ல பாடநூல் எனக்கு வாய்த்ததில்லை.

என் பாட்டியார் ஆண்டுக் கணக்குச் சொல்லிப் பேசும் வழக்கம் இல்லாதவர். பழைய சங்கதி எதுவாயினும் 'அது கோப்பிக் காலத்திலே' என்பார். அல்லது 'தேயிலை வந்த பிறகு' என்பார். அவருக்கு உலக வரலாறு இவ்விரண்டு பிரிவுகளில் அடங்கிவிட்டது. அவருடைய தந்தையார் சிறுவனாக இருந்தபோது, கங்காணி ஒருவரின் கூட்டத்தோடு மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர். வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானோரைக் கணக்கெடுத்தவர் யார்? கோப்பிக்கு ஆள் பெருமளவில் வேண்டியிருந்தது அறுவடை மாதங்களில்தான். பழம் பறித்து முடிந்ததும் பலர் வந்த வழியே தமிழகத்துக்குத் திரும்பிவிடுவர். அடுத்த ஆண்டு மீண்டும் நடப்பர். இந்தப் போக்குவரவை நிறுத்தி, எங்கள் மக்களை இம்மலைகளிலே குடியிருத்தியது எது என்று கேட்டால், அந்த மஞ்சட் பொடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பேன்.

1869ஆம் ஆண்டிலே ஊவாப் பகுதியைச் சேர்ந்த மடூல்சீமையில், புதிதாகத் திறந்த தோட்டமொன்றில் சில செடிகளின் இலைகள் புள்ளி விழுந்து உதிர்வதை முதன்முதலாகக் கண்டார்கள். அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிற்சு என்பார் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பிவைத்தார். பெர்க்லி சாதாரணர் அல்லர். அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்கு அழுகியபோது, பங்கசே அதற்குக் காரணம் என்று, பலரும் நம்ப மறுத்த காலத்தில் எழுதியவர் அவர். இலங்கையிலிருந்து வந்த பொடியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த அவரும் அவருடைய நண்பர் புரூமும், இது உலகம் அதுவரை அறியாத ஒரு பங்கசு என்று கண்டு, 'ஹெமிலியா வஸ்தாத்திரிக்ஸ்' எனப் பெயரிட்டார்கள். 'ஹெமிலியா' என்றால் பாதி வழுவழுப்பானது என்று பொருள். அதன் வித்தியின் ஒரு புறம் முள்முள்ளாகவும் மறுபுறம் மழமழவென்றும் இருக்கும். 'வஸ்தாத்திரிக்ஸ்' என்றால் பாழாக்குபவள். சில இலைகளை மட்டுமே கண்டு வைத்த பெயர் அது. பின்னர் நடந்ததை நோக்கினால், பெயர் வைத்தவர்களே அதன் பொருத்தத்தைக் கண்டு திகைத்திருப்பர்.

தோட்டத்துரைமார் முதலில் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. அவர்களை முற்றாகக் குறை கூறவும் முடியாது. இந்நோய் மரத்தைக் கொல்வதில்லை. இலை உதிர்கிறது, மழை வந்ததும் மரம் மீண்டும் துளிர்க்கிறது, ஓராண்டு விளைச்சல் குன்றினால் அடுத்த ஆண்டு சற்றுத் தேறுகிறது. அதே வேளையில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு நாலரை அந்தர் விளைந்த நிலம் பத்தாண்டுக்குள் இரண்டு அந்தருக்கு இறங்கிய போதிலும், கையில் வந்த பணம் அந்த இறக்கத்தை மறைத்துவிட்டது. குறைந்த விளைச்சலை ஈடுசெய்ய அவர்கள் மேலும் காட்டை வெட்டி மேலும் கோப்பியை நட்டார்கள். 1870களின் இறுதியில் கோப்பி நிலம் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியது. நோய்க்குத் தீனி போடுகிறோம் என்பதை அவர்கள் அறியவில்லை.

நிலைமை முற்றியபின் அரசாங்கம் ஓர் ஆராய்ச்சியாளரை வரவழைத்தது. 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வந்திறங்கிய ஹரி மார்ஷல் வார்ட் என்னும் அந்த இளைஞருக்கு வயது இருபத்தைந்து. கேம்பிரிட்ஜில் பயின்று, பின்னர் ஜெர்மனி சென்று, தாவர நோயியலின் தந்தை எனப் போற்றப்படும் தெ பாரி என்பாரின் முறைகளை அறிந்து வந்தவர். ஒரு நோயை ஆராய்வதென்றால் அதன் கிருமியினுடைய வாழ்க்கையைப் பிறப்பு முதல் முடிவு வரை ஒரு நாளும் விடாமல் பின்தொடர வேண்டும் என்பதே தெ பாரியின் பாடம்.

வார்ட் செய்தது இதுதான். நோயுற்ற இலையிலிருந்து வித்திகளை எடுத்து, நல்ல இலையின் அடிப்புறத்தில் ஒரு நீர்த்துளியில் வைத்தார். காத்திருந்தார். சில மணி நேரத்தில் வித்தியிலிருந்து நூல் போன்றதொரு குழாய் புறப்பட்டது. அது இலையின் மேற்பரப்பில் ஊர்ந்து சென்று, இலைவாய் ஒன்றைக் கண்டதும் அதன் வழியே உள்ளே நுழைந்தது. இலை மூச்சுவிடும் வாயிலே பகைவனுக்கும் வாயிலாயிற்று. உள்ளே சென்ற இழை கிளைத்துப் பரவி, இலையின் கலங்களிலிருந்து உணவை உறிஞ்சியது. ஏறத்தாழ இரண்டு வாரம் சென்றபின் இலையின் மேல் ஒரு வெளிர்ப்புள்ளி தெரிந்தது. மேலும் சில நாளில் அடிப்புறத்தில் மஞ்சட் பொடி வெளிப்பட்டது. ஒரு புள்ளியில் உண்டாகும் வித்திகள் ஓர் இலட்சத்துக்கும் மேல் என்று அவர் கணித்தார். நீர் இல்லாவிடின் வித்தி முளைப்பதில்லை என்பதையும் கண்டார். மழைக்காலத்தில் நோய் பெருகுவதன் காரணம் அப்போது விளங்கிற்று.

வித்தி எவ்வாறு பரவுகிறது என்பதை அறிய அவர் கையாண்ட முறை என் மனத்தைக் கவர்ந்தது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் தொங்கவிட்டார். சில நாள் கழித்து அவற்றை எடுத்துப் பார்த்தால், காற்றில் வந்த வித்திகள் ஒட்டியிருந்தன. ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு துளிக் கிளிசரினும் போதும். நம் பாடசாலைகளில் கருவி இல்லை, வசதி இல்லை என்று குறைகூறும் ஆசிரிய நண்பர்களுக்கு இதை நான் அடிக்கடி எடுத்துக் கூறியதுண்டு. காற்றோடு மழைத்துளியின் தெறிப்பும் இந்நோயைப் பரப்புகிறது என்று பின்வந்தோர் கண்டனர். அதனால் வார்ட்டின் பெருமை குறைவதில்லை.

அவருக்கு முன் பேராதனையில் மொரிஸ் என்பார், மரத்தின் வெளிப்புறத்தில் படர்ந்திருந்த சில இழைகளை இந்நோயின் ஒரு பருவம் என எண்ணி, கந்தகமும் சுண்ணாம்பும் தூவும்படி சொல்லியிருந்தார். அவ்விழைகள் வேறொரு பங்கசைச் சேர்ந்தவை, நோய்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று வார்ட் காட்டினார். துரைமாருக்கு இது கசப்பாக இருந்திருக்கும். கையிலிருந்த மருந்தையும் பறித்துவிட்டு வேறு மருந்து தராதவர் அல்லவா அவர்! அவர் சொன்ன வழி வேறு. மலை முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டது பெரும் தவறு; இடையிடையே வேற்று மரங்களை வரிசையாக நட்டுக் காற்றைத் தடுத்திருக்க வேண்டும் என்றார். இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரில் கோப்பி நின்றபின் இந்த அறிவுரையை எப்படிக் கொள்வது? 1882இல் தம் அறிக்கைகளை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அதன்பின் சரிவு விரைந்தது. 1870ஆம் ஆண்டளவில் பத்துக் கோடி இறாத்தல் கோப்பியை ஏற்றுமதி செய்த நாடு, 1889இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் இறாத்தலே அனுப்பியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. கடனில் மூழ்கிய துரைமார் கப்பலேறிப் போனதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் உண்டு. மாதக்கணக்கில் கூலி பெறாமல் நின்ற எங்கள் மக்களைப் பற்றி அவற்றில் சில வரிகளே காணப்படும். கூலிப் பாக்கியைத் தோட்டத்தின் மீது உரிமையாகக் கோருவதற்கு 1880களில் ஒரு சட்டம் செய்யவேண்டியதாயிற்று என்பதே, அந்தப் பாக்கி எவ்வளவு பரந்திருந்தது என்பதற்குச் சான்று. பாட்டியாரின் தந்தையார் அந்த நாட்களில் பட்டுப்போன கோப்பி மரங்களை வெட்டிச் சுமக்கும் வேலையில் இருந்தாராம். அதற்கும் கூலி வந்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன். பாட்டியார் விடை கூறவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

பின்னர் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரையில் 1867இலேயே பத்தொன்பது ஏக்கரில் அதனை நட்டிருந்தார். அந்நூற்றாண்டின் முடிவில் தேயிலை நிலம் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே வந்து போகும் கூட்டம் போதாது. குடும்பத்தோடு தங்கி வாழ்பவர் வேண்டும். லயங்கள் எழுந்தன, எங்கள் குடியிருப்பு நிலைத்தது. இவ்விடத்தில் ஒரு திருத்தம். கோப்பி அழிந்ததால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிப்பவர்களாக மாறினர் என்று சிலர் சுவையாகச் சொல்வார்கள். நானும் இளம் ஆசிரியனாக இருந்தபோது வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது பிழை. அதற்கு நூறாண்டுக்கு முன்பே அவர்கள் சீனத்துத் தேயிலைக்கு அடிமைப்பட்டிருந்தார்கள். துருநோய் மாற்றியது அவர்களுடைய கோப்பையை அன்று, எங்களுடைய வாழிடத்தை.

ஒரு நாள் வகுப்பில் வார்ட்டைப் பற்றி நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "சேர், அவர் மருந்து கண்டுபிடிக்கவில்லை. தோட்டமும் பிழைக்கவில்லை. பிறகு ஏன் அவரைப் பெரிய விஞ்ஞானி என்கிறீர்கள்?" என்றாள். உண்மையைக் கண்டறிவதே பெரிய செயல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் உட்கார்ந்தாள், அவள் முகத்தைப் பார்த்தபோது என் விடை அவளுக்குப் போதவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் போதவில்லை. கூலி கிடைக்காமல் போனவர்களின் கொள்ளுப்பேத்தி கேட்ட கேள்வி அல்லவா?

நூல்களைத் தேடிப் படித்து அடுத்த கிழமை அவளுக்கு வேறு விடை சொன்னேன். வார்ட் இலங்கையை விட்டுச் சென்ற அதே 1882ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் போர்தோ பகுதியில் மில்லார்தே என்னும் பேராசிரியர் ஒரு திராட்சைத் தோட்டத்து வழியே நடந்து சென்றார். வழிப்போக்கர் பழத்தைத் திருடாதிருக்கும்பொருட்டு, வழியோரக் கொடிகளில் மட்டும் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலைநோய் இல்லை. 1885இல் அவர் அக்கலவையின் பயனை வெளியிட்டார். அதுவே போர்தோக் கலவை. ஆனால் எந்த மருந்தாயினும் வித்தி முளைத்து இலைக்குள் நுழையுமுன் இலையின்மேல் இருந்தாக வேண்டும். உள்ளே போனபின் தெளித்துப் பயனில்லை. எப்போது, எந்தப் பக்கத்தில், எந்தப் பருவத்துக்கு முன் தெளிப்பது? கோப்பியைப் பொறுத்தவரை அதற்கு விடை வார்ட்டின் ஏடுகளில் இருந்தது. மைசூர்ப் பகுதிக்கும் குடகுக்கும் 1870 அளவிலேயே இந்நோய் சென்றது. ஆயினும் அங்கே கோப்பி பிழைத்தது. நீண்ட வறட்சிக் காலமும் நிழல் மரங்களும் ஓரளவு காத்தன. பின்னாளில் பருவமழைக்கு முன் இலையின் அடிப்புறம் நனையப் போர்தோக் கலவை தெளிக்கும் வழக்கமும் காத்தது. அம்மாணவி இம்முறை தலையசைத்தாள். "மூன்று வருடம் முந்தி வந்திருக்கலாம், சேர்" என்றாள். நானும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

நோயை எதிர்க்கும் இனத்தைத் தேடிய கதையும் உண்டு. மைசூரில் கென்ட் என்னும் தோட்டக்காரர் தேர்ந்தெடுத்த செடிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துருவுக்கு ஈடுகொடுத்தன. எல்லோரும் அதனை நட்டார்கள். சில ஆண்டுகளில் அதுவும் நோயுற்றது. 1925இல் பாலெஹொன்னூரில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் என்பார் இதன் மருமத்தைக் கண்டார். பார்வைக்கு ஒன்றே போன்ற இப்பங்கசில் பல உட்குலங்கள் உண்டு; ஒன்றுக்குத் தப்பிய செடி மற்றொன்றுக்கு இரையாகும். அதே நிலையத்தில் உருவான 'எஸ் 795' என்னும் இனம் 1940கள் முதல் தென்னிந்தியத் தோட்டங்களில் பரவியது. அதிலும் பின்னர் துரு தொற்றியது. எனினும் நட்டவர்கள் அதைக் கைவிடவில்லை.

நூறாண்டுக் காலம் அத்திலாந்திக் கடலைத் தாண்டிப் பரவாமல் இருந்த நோய் 1970இல் பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்தில் தோன்றியது. 2012இல் நடு அமெரிக்க நாடுகளில் பெருந்தொற்றாகி, பழம் பறித்துப் பிழைத்தோரை வேலையின்றி அலையவைத்தது. அச்செய்தியைப் படித்தபோது எனக்குப் பாட்டியாரின் நினைவே வந்தது.

இன்னொன்று. கோதுமைத் துரு தன் வாழ்வின் ஒரு பகுதியை வேறொரு செடியில் கழிக்கிறது என்று தெ பாரி 1865இல் காட்டினார். கோப்பித் துருவுக்கும் அவ்வாறு மற்றொரு செடி உண்டா என்று வார்ட் தேடினார், கிடைக்கவில்லை. இன்றுவரையும் யாருக்கும் கிடைக்கவில்லை.

தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் என்னும் பங்கசு நோய் வந்தது. இம்முறை தலவாக்கலையில் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, செப்பு மருந்து இருந்தது, தோட்டம் பிழைத்தது. முதுகில் தெளிகருவியைச் சுமந்து, நீலம் படிந்த சட்டையோடு மாலையில் லயத்துக்குத் திரும்பிய ஆட்களைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியவை உள்ளன. இன்றைக்கு நேரம் போதாது.