வாத்தியாரின் நவராத்திரி: சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு பள்ளி வழக்கத்தின் வரலாறு

ஆயுத பூசையை ஒட்டிய நாட்களில் சேலம், நாமக்கல் வட்டாரப் பள்ளிகள் பலவற்றில் வருகைப் பதிவேட்டுக்கும் சாக்பீஸ் பெட்டிக்கும் பள்ளி மணிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் தமக்குள் பணம் சேர்த்து வாங்கிய பொரிகடலையைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, பிறகு தத்தம் வீடுகளில் புத்தகங்களை அடுக்கிப் பூசை செய்கிற வழக்கம், மேலோட்டமாகப் பார்த்தால் பக்தியின் பாற்பட்டதாகவே தோன்றும். ஆனால் இவ்வழக்கத்தின் பழைய வடிவம் வாத்தியாரின் வயிற்றுப்பாட்டோடு பிணைந்திருந்தது என்பதும், கொடுப்பவரும் பெறுபவரும் இன்று இடம் மாறி நிற்கின்றனர் என்பதும் திண்ணைப் பள்ளிகளின் வரலாற்றை அறிந்தால்தான் விளங்கும்.

வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரே ஆசிரியர் நடத்திவந்த பள்ளியே திண்ணைப் பள்ளி. இத்தகைய பள்ளிகளைப் பற்றி அரசு முறையாகக் கணக்கெடுக்க முற்பட்டது 1822இல், தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோதுதான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த சேலம், பாராமகால் பகுதிகளில் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழாண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி நிலவரி வகுத்தவர் மன்றோ. ஆகவே சேலம் கலெக்டர் காக்பர்ன் 1823இல் அனுப்பிய விடை, மன்றோ தம் இளமையில் நேரில் கண்டறிந்த சீமையைப் பற்றியதாகவே இருந்தது. மாகாணம் முழுவதற்குமாக 12,498 பள்ளிகள் என்ற கணக்கை 1826இல் மன்றோ தம் குறிப்பில் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்களுக்கு நிலையான சம்பளம் என்று ஒன்று கிடையாது.

பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றோர் தரும் சிறு தொகை, அறுவடைக் காலத்தில் தானியம், ஒரு சுவடியை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது வேட்டியோ காசோ என்று பலவாகச் சிதறி வந்த வருவாயில், பண்டிகைக்கு முக்கியப் பங்கு இருந்தது.   மற்ற வரவுகளெல்லாம் சில்லறைதான். ஆண்டுக்கொருமுறை கையில் கொஞ்சம் காசு புரளச் செய்தது நவராத்திரியே.

மகாநவமி என்பது கொங்கு வட்டாரத்தில் மகாநோம்பு, மானோம்பு என்றெல்லாம் வழங்குகிறது. தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் இந்நாட்களில் வாத்தியார் தம் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுத்தி வரச் செய்து, கையில் கோலாட்டக் கோல் கொடுத்து, சட்டாம்பிள்ளையை, அதாவது வாத்தியார் இல்லாதபோது வகுப்பை மேய்க்கும் மூத்த மாணவனை, முன்னே நடக்கவிட்டு வீடு வீடாக அழைத்துச் செல்வார். பிள்ளைகள் முற்றத்தில் கோலடித்துப் பாடுவார்கள். வீட்டார் வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கோடு காசு வைத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கிடைக்கும். தெலுங்கு நாட்டிலும் தசராவில் இதே ஊர்வலம் உண்டு. அங்கே பிள்ளைகள் சிறு வில்லேந்திப் பூவைத் தூவுவார்கள் என்பதும், காசு வாத்தியாருக்கு, பருப்பும் வெல்லமும் பிள்ளைகளுக்கு என்ற பாகுபாடு வெளிப்படையாகவே பாடப்பட்டது என்பதும் மட்டுமே வேறுபாடு. தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சேலத்தில் இவ்விரு மரபுகளும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்திருக்க முடியாது.

இதைப் பிச்சை என்று இகழ்வதும் குருபக்தி என்று புகழ்வதும் ஒருசேரப் பொருந்தாதவை. கற்றுக்கொடுத்ததை ஊரார் முன் காட்டி, நிலுவைக் கூலியைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெற ஊரே ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு இது. கொல்லிமலையில் கோயில் கொண்ட இறைவன்மேல் பாடப்பட்ட அறப்பளீசுர சதகம் போன்ற சதக நூல்களையும், ஆத்திசூடி, எண்சுவடி முதலியவற்றையும் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்பதே பெற்றோருக்குக் கிடைத்த தேர்வு முடிவு. மன்றோவின் அதே கணக்கெடுப்புக்காகப் பல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை, காலையில் பள்ளிக்கு முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள் என்றும், இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு ஓர் இலேசான அடி, அடுத்தவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும் என்றும் கூறுகிறது. அத்தெய்வம் ஆண்டுக்கொருநாள் மட்டும் வந்துபோகும் விருந்தாளியாக அப்பள்ளியில் இருக்கவில்லை. எனினும் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்றாத பள்ளியின் கோலாட்டம் அவர்கள் தெருவுக்குள் போயிருக்க வழியில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது சம்பளம். 1827இல் சேலத்துக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்தாரின் பள்ளிகளில் நவராத்திரிக்கு இடமில்லை. 1850களில் தொடங்கிய அரசு மானிய முறை, பதிவேடும் பாடத்திட்டமும் உடைய பள்ளிகளுக்கே பணம் தந்தது. 1884க்குப் பின் வந்த தல வாரியங்களும், 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் வாத்தியாரை மாதச் சம்பளக்காரராக்கின. 1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராக்கப்பட்டபோது, பெற்றோர் கையை எதிர்பார்க்கும் நிலை சட்டப்படி முற்றாக மறைந்தது. வீடுவீடாகப் போவது இப்போது ஓர் அரசு ஊழியருக்கு அடாத செயல். ஆக, தெருவில் நடந்தது பள்ளிக்குள் ஒடுங்கியது. வாத்தியாருக்கு வந்த காசு, வாத்தியார்கள் போடும் காசாயிற்று.

பள்ளிக்குள் பூசை கூடாது என்ற குரலும் இவ்வூர்களுக்குப் புதிதன்று. பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944இல் சேலத்து மாநாட்டில்தான். கல்விக்கென்றே ஒரு தெய்வத்தை வைத்துக் கும்பிட்டுவந்த நாட்டில் எழுத்தறிந்தவர் ஏன் இவ்வளவு குறைவு என்று பெரியார் எழுப்பிய கேள்விக்கு, எல்லாருக்கும் திறக்காத அந்தத் திண்ணைகளே ஒரு பகுதி விடை.

ஆசிரியர் வீடுகளில் மட்டும் பழைய தடம் வேறு வகையில் நிலைத்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம், இராசிபுரம் போன்ற ஊர்களில் ஒருவர் பள்ளியில் வேலை பார்க்க, உடன்பிறந்தவர் தறியோ லாரியோ ஆழ்துளைக் கிணற்று வண்டியோ வைத்திருப்பது இயல்பாகையால், ஒரே பூசையில் பாடநூலும் தறியின் நாடாவும் ஸ்பேனரும் அருகருகே பொட்டிட்டுக் கிடக்கின்றன. நாடா என்பது ஊடை நூலைச் சுமந்து பாவுக்குள் ஓடும் கட்டை. வெண்பூசணியில் துளையிட்டு, குங்குமத்தையும் காசையும் உள்ளே இட்டு, மேலே சூடம் ஏற்றிச் சுற்றி உடைக்கும் வேலை வண்டிக்காரருடையது. அடுக்கிவைத்த புத்தகத்தை விசயதசமி காலையில் எடுத்து ஒரு பக்கமாவது படிக்கச் செய்யும் வேலை ஆசிரியருடையது. அன்றே தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தைத் தொடங்கிவைக்க அக்கம்பக்கத்தார் இன்றும் ஆசிரியர் வீட்டைத் தேடிவருகிறார்கள். சிலர் தாம்பூலத்தோடு ஒரு நோட்டும் வைக்கிறார்கள், அதை அரசு ஊழியர் நடத்தை விதி எதுவும் கண்டுகொள்வதில்லை.

கல்வியாண்டு சூனில் தொடங்குவதால் விசயதசமிச் சேர்க்கைக்கு நடைமுறைத் தேவை இல்லை. ஆயினும் தனியார் மழலையர் பள்ளிகள் அதை விடாமல் நடத்த, அண்மை ஆண்டுகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளும் அந்நாளில் கதவைத் திறந்து பிள்ளைகளைச் சேர்க்கின்றன. அதனால் ஆசிரியர் சிலருக்குப் பண்டிகை நாளே வேலை நாளாகிவிடுகிறது. நாமக்கல் பகுதியின் உறைவிடப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு நடத்துவோர் நிலை இன்னும் நெருக்கடியானது. காலாண்டு விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு ஓடுவதால், புத்தகத்தைத் தொடக்கூடாத அந்த ஒரு நாளிலும் பகல் வகுப்பு முடிந்து மாலையில்தான் புத்தகத்தைப் பூசைக்கு வைத்து, மறுநாள் முதல் மணிக்கு முன் எடுத்துவிடுகிறார்கள்.