கடைசல் இயந்திரத்தில் சுழல் வேகமும் ஊட்டமும்

கடைசல் இயந்திரத்தில் (லேத்) சுழலும் பணிப்பொருளை, அசையாது பற்றப்பட்ட வெட்டுளி செதுக்குகிறது. பணிப்பொருள் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது சுழல் வேகம் ஆகும். ஒரு சுற்றில் உளி நகரும் தொலைவு ஊட்டம் எனப்படும்.

== வெட்டு வேகம் ==
உளிமுனையைக் கடந்து செல்லும் பரப்பின் வேகமே வெட்டு வேகம். இது பொருளையும் உளியையும் பொறுத்தது. மென் எஃகை உயர்வேக எஃகு உளியால் கடைய நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 மீட்டர் எனக் கொள்வர். கார்பைடு உளிக்கு இது பன்மடங்கு கூடும்.

சுழல் வேகம் = (1000 × வெட்டு வேகம்) ÷ (3.14 × விட்டம்)

இங்கு வெட்டு வேகம் மீட்டர்/நிமிடத்திலும், விட்டம் மில்லிமீட்டரிலும் இருத்தல் வேண்டும். 1000ஐ 3.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 318 வரும். அதை 320 எனக் கொண்டால் மனக்கணக்கே போதுமானது.

== எடுத்துக்காட்டு ==
50 மி.மீ. விட்டமுள்ள மென் எஃகுத் தண்டுக்கு, 30 மீ./நிமிடத்தில், சுழல் வேகம் 191 சுற்றுகள். பற்சக்கரப் பெட்டியுள்ள இயந்திரத்தில் இந்த எண் கிடைக்காது; அதற்குக் கீழுள்ள வேகத்தைத் தெரிவு செய்வதே நன்று. 180 சுற்றுகள் எனவும், ஊட்டம் 0.2 மி.மீ. எனவும் கொண்டால் உளி நிமிடத்திற்கு 36 மி.மீ. நகரும். 150 மி.மீ. நீளத்தை ஒருமுறை கடைய 4 நிமிடம் 10 நொடி ஆகும்.

கீழுள்ள வேகத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1907இல் வெளியான பிரெடரிக் டெய்லரின் ஆய்வு, வெட்டு வேகத்திற்கும் உளியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாகத் தந்தது. அதன்படி உயர்வேக எஃகு உளியில் வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் கார்பைடு உளியை மிக மெதுவாக ஓட்டுவதும் தவறே. உலோகம் உளிமுனையில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கெடுக்கும்.

== ஊட்டமும் பரப்பும் ==
பரப்பில் விழும் வரியின் உயரம், ஊட்டத்தின் இருமடியை உளிமுனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஆரம் 0.8 மி.மீ., ஊட்டம் 0.2 மி.மீ. எனில் இது 6.25 மைக்ரோமீட்டர். ஊட்டத்தைப் பாதியாக்கினால் உயரம் கால் பங்காகும், நேரமோ இரட்டிக்கும். ஆகவே முதலில் பெரிய ஊட்டத்திலும், இறுதிச் சுற்றில் சிறிய ஊட்டத்திலும் கடைவது வழக்கம். மரை வெட்டும்போது மட்டும் தெரிவுக்கு இடமில்லை. ஒற்றை மரையில் ஊட்டம் மரை இடைவெளிக்குச் சமமாகவே இருக்க வேண்டும்.

== இயந்திரத்தை அமைத்தல் ==
உளிமுனை பணிப்பொருளின் மைய உயரத்தில் இருத்தல் வேண்டும். உளி பிடிப்பியிலிருந்து நீட்டம் குறைவாக இருந்தால் அதிர்வு குறையும். நீண்ட தண்டின் மறுமுனையை வால்முனை மையத்தால் தாங்க வேண்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டு இயந்திரத்தை ஓட்டுவது உயிருக்கே ஆபத்தானது.

== கணினி இயந்திரங்களில் ==
முகப்பைக் கடையும்போது உளி மையத்தை நெருங்க நெருங்க விட்டம் சுழியை நோக்கிக் குறைகிறது. சமன்பாட்டின்படி சுழல் வேகம் எல்லையின்றி உயர வேண்டும். ஜி96 கட்டளை வெட்டு வேகத்தை மாறாமல் வைத்திருக்க இவ்வாறே சுழற்சியைக் கூட்டிக்கொண்டு செல்லும். மையவிலக்கு விசையால் சக்கின் தாடைகள் பிடி தளர்ந்து, பணிப்பொருள் பறந்துவிடக் கூடும். எனவே அதற்கு முன்னரே உச்ச வேக வரம்பைக் கட்டளையில் எழுதிவிட வேண்டும். பல இயந்திரங்களில் இது ஜி50 ஆகும். நிரலில் ஒரு வரிதான், எனினும் விடுபடக் கூடாத வரி.