யார் என்ற கேள்வி

மனித சரித்திரத்தின் போக்கை அதிகமாக மாற்றிய தனிமனிதன் யார் என்ற விவாதம் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. எழுந்த இடத்திலேயே அடங்கியும் விடுகிறது. பெயர்கள் சொல்லப்படுகின்றன, பெயர்களுக்குப் பின்னால் அவரவர் சார்பு தெரிந்துவிடுகிறது, அதோடு சரி. 1978இல் மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர் நூறு பேரை வரிசைப்படுத்திப் புத்தகமே போட்டார். முகம்மது நபி முதல், நியூட்டன் இரண்டு, ஏசு மூன்று, புத்தர் நான்கு. காந்திக்கு நூறில் இடமில்லை. இந்த வரிசை சரிதானா என்று சண்டை போடலாம். வரிசைப்படுத்துகிற காரியமே எப்படிப்பட்டது என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதில் இரண்டு பழைய கட்சிகள் உண்டு. உலக சரித்திரம் என்பதே மாமனிதர்களின் சரித்திரம் என்று கார்லைல் 1840இல் லண்டனில் பிரசங்கம் செய்தார். இதற்கு நேர் எதிராக, மேலே நிற்பவனே மிக அதிகமாகக் கட்டுண்டவன் என்று டால்ஸ்டாய் தம் பெரிய நாவலுக்குள்ளேயே வாதாடினார். பிளெகானவ் 1898இல் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார்: தனிமனிதன் சம்பவங்களின் முகச்சாயலை மாற்றலாம், பொதுப்போக்கை மாற்றமுடியாது. நம்மில் பாதிப்பேர் மனதால் கார்லைலிடமும் வாயால் பிளெகானவிடமும் இருக்கிறோம். சரித்திரத்தில் தனிநபர் பெரிதல்ல என்று கட்டுரை எழுதிவிட்டு, தமிழ்க் கவிதையை மாற்றியவர் யார் என்ற பேச்சு வந்ததும் ஒரே ஒரு பெயருக்காகக் கையை ஓங்குகிறோம்.

இந்த இரண்டு கட்சியையும் ஒரு சின்ன ஊரில் வைத்துச் சோதிக்கலாம். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது குண்டடம். மழையை நம்பிய மேட்டாங்காடு, ஆழக் கிணறு, சோளம், கம்பு, ஆடு மாடு, வாரச்சந்தை. எந்த நூறு பேர் பட்டியலுக்கும் ஒரு பெயரைக்கூடத் தராத ஊர். ஆனால் மாறாத ஊர் அல்ல. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி கோவை ஜில்லாவுக்கு வந்து கிணற்றுப் பாசனத்தில் பிடித்துக்கொண்டபோது இந்தச் சீமையின் விவசாயம் ஒருமுறை மாறியது. பிறகு திருப்பூர் மாற்றியது. இன்று சுற்றுவட்டார ஊர்களுக்குப் பனியன் கம்பெனி வண்டிகள் வந்து ஆள் ஏற்றிப் போகின்றன. ஏர் கட்டுகிற நேரம், மாடு திரும்புகிற நேரம் என்று இருந்த நாள் இப்போது ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று அளக்கப்படுகிறது. நேரத்தை அளக்கும் கோலே மாறுவதைவிடப் பெரிய சரித்திர மாற்றம் எது?

இந்த மாற்றத்தைச் செய்தவர் யார்?

பதில் சொல்லியே ஆகவேண்டுமென்றால் நான் வில்லியம் லீ என்பேன். இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்து கால்வர்ட்டன் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர், பாதிரியாராக இருந்தவர் என்பது மரபு. 1589இல் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கையால் பின்னுகிறவள் இரண்டு ஊசிகளைக் கொண்டு ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துப் போகிறாள். லீ ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொக்கி ஊசி என்று வரிசையாக வைத்தார். நூலை ஊசிகளுக்கு நடுவே அழுத்தி, ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஒரே இழுப்பில் உருவாக்கினார். 1847இல் மாத்யூ டவுன்செண்ட் தாழ்ப்பாள் வைத்த ஊசியைக் கொண்டுவந்தார். ஊசிகள் நேர்வரிசையிலிருந்து வட்டத்துக்கு வந்தன. துணி குழாயாக இறங்கத் தொடங்கியது. திருப்பூரில் இன்று சுழலும் நிட்டிங் யந்திரத்தில் கணினி இருக்கிறது. ஆனால் கண்ணிக்கு ஓர் ஊசி என்ற யோசனை லீயினுடையதுதான்.

தனிமனிதன் முக்கியமா என்பதற்கு ஒரே ஒரு நேர்மையான சோதனை உண்டு: அவன் இல்லாதிருந்தால் காரியம் எவ்வளவு காலம் தள்ளிப்போயிருக்கும்? இந்தச் சோதனையில் பெரிய பெயர்கள் பல சுருங்கிப்போகின்றன. நுண்கணிதத்தை நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே கண்டார்கள். இயற்கைத் தேர்வு பற்றி டார்வினும் வாலஸும் எழுதியவை 1858இல் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வாசலில் நின்றிருந்தார். லீயின் வாசலில் யாரும் நிற்கவில்லை. நம் வீட்டுக்குள்ளேயும் இந்தச் சோதனை பொருந்தும். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா என்ற ஒற்றை மனிதர் பிடிவாதமாக ‘எழுத்து’ நடத்தத் தொடங்கியிராவிட்டால் புதுக்கவிதை வராமல் போயிருக்காது. ஆனால் எத்தனை வருஷம் கழித்து, எந்த முகத்தோடு வந்திருக்கும்? ஆகவே தனிமனிதன் ஒன்றுமில்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் லீயைப் பெயராகச் சொல்லி முடித்துவிட்டால் சரித்திரம் ஸ்தலபுராணம் ஆகிவிடுகிறது. குண்டடத்து வடுகநாதர் கோயிலைப் பற்றி ஒரு கதை: மிளகைப் பயறு என்று பொய் சொன்ன வணிகனின் மூட்டைகள் உண்மையாகவே பயறாகிப்போயின. ஒரு மாற்றம், அதற்கு ஒரு கர்த்தா. கோயிலுக்கு அது அழகு. சரித்திரத்துக்குப் போதாது.

லீயின் கதையே இதைச் சொல்கிறது. எலிசபெத் ராணியிடம் அவர் உரிமை கேட்டபோது, கையால் பின்னிப் பிழைக்கும் என் ஏழைப் பிரஜைகள் என்ன ஆவார்கள் என்று ராணி மறுத்ததாகச் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, கேள்வி நிஜமானது. லீ பிரான்சுக்குப் போனார். ஆதரவு தந்த நான்காம் ஹென்றி 1610இல் கொலையுண்டார். சில வருஷங்களில் லீயும் பாரிஸில் ஏழ்மையில் இறந்ததாகத் தெரிகிறது. பொறியை இங்கிலாந்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது தம்பி ஜேம்ஸ். ‘கண்டுபிடித்தவர்’ தோற்றுப்போன பிறகுதான் கண்டுபிடிப்பு ஜெயிக்கத் தொடங்கியது. அதை ஜெயிக்க வைத்தவர்கள் வேறு பலர்.

இருநூறு வருஷம் கழித்து, 1811இல், அதே நாட்டிங்காம் சீமையில் அதே பொறிகளைத் தொழிலாளர்கள் இரவில் உடைத்தார்கள். யந்திரத்தைக் கண்டு மிரண்ட பாமரர்கள் என்று இவர்களைச் சொல்வது அறியாமை. இருநூறு வருஷம் பழகிய யந்திரம் அது. மட்டமான சரக்கைக் குறைந்த கூலிக்குப் பின்னவைத்த முதலாளிகளின் பொறிகளைத்தான் தேடி உடைத்தார்கள். தொழிற்சங்கம் சட்டவிரோதமாயிருந்த காலத்தில் இதுவே கூலிப் பேரத்தின் ஒரு முறை என்று ஹாப்ஸ்பாம் விளக்கியிருக்கிறார். பொறி உடைத்தால் மரண தண்டனை என்ற மசோதா வந்தபோது, 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் பைரன். அவருடைய முதல் பேச்சு அது. மசோதா சட்டமாயிற்று. சில நாட்களில் அவருடைய காவியம் வெளிவந்து அவரை ஒரே நாளில் புகழின் உச்சிக்குக் கொண்டுபோயிற்று. கவிதையை நாம் மொழிபெயர்த்தோம், பேச்சை மறந்தோம்.

அந்தக் கலகக்காரர்களின் கடிதங்களில் நெட் லட் என்ற கையெழுத்து இருக்கும். தளபதி லட், ராஜா லட் என்றும் இருக்கும். அப்படி ஒரு தலைவன் இருக்கவில்லை. அதிகாரம் யார் என்று கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தலைவன் ஒருவனைப் பிடித்துத் தூக்கில் போட்டால் காரியம் முடிந்தது என்று அது நினைக்கும். எனவே இல்லாத ஒருவனின் பெயரைக் கொடுத்துவிட்டு அதன் நிழலில் நின்றார்கள். இங்கேதான் நம் விவாதம் தலைகீழாகிறது. யார் என்ற கேள்வியைச் சரித்திராசிரியன் கேட்பதற்கு முன்பே போலீஸ்காரன் கேட்டுவிட்டான். ஒருவன் மாலை போட ஒரு கழுத்தைத் தேடுகிறான், இன்னொருவன் கயிறு போட. இருவருக்கும் வேண்டியது ஒரே கழுத்து.

திருப்பூருக்கு வருவோம். 1932 ஜனவரி 4 அன்று காந்தி கைதானார். ஜனவரி 10 அன்று திருப்பூரில் ஊர்வலம், தடியடி, கொடியைப் பிடித்தபடி விழுந்த குமரன் மறுநாள் இறந்தார். சென்னிமலையில் 1904இல் பிறந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 2004இல் தபால்தலை வந்தது. தள்ளிப்போகும் சோதனையில் குமரன் தேறமாட்டார். அவர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தாலும் சுதந்திரம் வந்த நாளில்தான் வந்திருக்கும். இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அன்று அடிபட்ட, ஆனால் சாகாத, மற்றவர்களின் காரியத்தையும் சேர்த்துத் தாங்குகிற பெயர் அது. லட் மறைத்துக்கொள்ள ஒரு பெயர். குமரன் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பெயர். லீ இரண்டுமில்லை. அவர் பொறியின் சந்ததியில் வேலை செய்கிறவர்களுக்கு அவர் பெயரே தேவைப்படவில்லை.

கதருக்குத் தமிழ்நாட்டின் பெரிய மையமாக இருந்த இதே ஊருக்குத்தான், அதே 1920களில், பின்னல் யந்திரமும் வந்தது. கல்கத்தாவில் பார்த்துக் கொண்டுவந்தவர் என்று குலாம் காதரின் பெயரைச் சொல்வார்கள். ராட்டையும் நிட்டிங் யந்திரமும் ஒரே தசாப்தத்தில் ஒரே ஊரில். எது வென்றது என்று எல்லோருக்கும் தெரியும். வென்றதற்கு யந்திரத்தின் வேகம் மட்டும் காரணம் அல்ல. காட்டை விற்று யந்திரம் வாங்கியவர், கூலிக்கு வந்து பின்னாளில் பங்காளியானவர், கடன் கொடுத்தவர், ஏற்றுமதி ஆர்டர் பிடித்தவர், பிள்ளையைக் கைமடிக்கு அனுப்பிய தாய் தகப்பன் என்று பலர் ஒவ்வொருவராகச் சரி என்று சொன்னார்கள். சிலர் லாபத்துக்காக, பலர் வேறு வழியில்லாமல்.

சரியல்ல என்று சொன்னவர்களும் உண்டு. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு வேலையைச் சிறுசிறு யூனிட்டுகளாக, ஜாப் ஒர்க்காகச் சிதறடிப்பது வேகம் பிடித்தது. எங்கும் ஒரு முதலாளி இல்லை, எங்கும் முதலாளிகள். 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியபோதும் இதே கதை: யார் கெடுத்தது என்றால் எந்தச் சாயப்பட்டறையும் தனியாகக் கெடுக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லவேண்டி வந்தது.

இங்கே இரண்டு கட்சிகளும் ஒன்றுக்கொன்று உதவி செய்வதைப் பார்க்கலாம். மாமனிதன் செய்தான் என்றால் சரி சொன்ன மற்றவர்களுக்கு விடுதலை. சரித்திர நியதி செய்தது என்றால் எல்லோருக்குமே விடுதலை. குண்டடத்திலிருந்து வண்டி ஏறிப் போகிற பெண்ணின் நாளுக்கு இரண்டு தத்துவத்திலும் பதில் சொல்ல ஆளில்லை.

எனவே ஒற்றைப் பெயரைத் தர நான் மறுக்கிறேன். கேள்வியைக் கைவிடவும் மறுக்கிறேன். லீயின் பொறி கண்ணிகளைத் தீர்மானித்தது; ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்பதை அது தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு, முகவரி உண்டு. மாமனிதர்கள் அல்ல என்பதால் நாம் விசாரிக்காமல் விட்டிருக்கிறோம். யார் என்று கேட்டது போதும். யார் யார் என்று கேட்கத் தொடங்கினால் சரித்திரம் எழுதுவது கடினமாகும். பட்டியல் போடுவது முடியாமலே போகும்.