தங்க வயலில் வளர்ந்த பசுமை

பூமிக்குள் பொன் விளைந்த ஊர் கோலார் தங்க வயல். அவ்வூரின் வரலாற்றைக் கூறுவோர் சுரங்கத்தின் ஆழத்தையும் எடுத்த பொன்னின் அளவையும் கூறுவர். தரைக்கு மேல் வளர்ந்த புல்லுக்கும் மரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வரலாறு உண்மையில் தண்ணீரின் வரலாறே ஆகும்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில், பாறையும் முட்புதரும் நிறைந்த மேட்டு நிலம் இது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்தான். 1875-இல் லவெல் என்பார் இங்கே பொன் தேடும் உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றனர். தொடக்கத்தில் நீராவி எந்திரங்களுக்கு விறகும் நிலக்கரியும் வேண்டியிருந்தன. சுரங்கத்தைத் தாங்க மரக்கட்டைகளும் வேண்டியிருந்தன. ஆகவே சுரங்கம் வளர வளர மரம் குறைவது இயல்பாயிற்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. விறகின் தேவை தளர்ந்தது. பாலாற்றின் நீரைத் தேக்கிய பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே குடிநீரும் வந்தது.

நீர் வந்த பின்னரே தோட்டம் வந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் தம் பங்களாக்களைச் சூழப் பூஞ்செடிகளையும் புல்வெளியையும் அமைத்தனர். ‘சிறிய இங்கிலாந்து’ என்று இவ்வூருக்குப் பெயரும் ஏற்பட்டது. ஆனால் இங்கிலாந்தின் புல் நம் கோடையைத் தாங்காது. நம் நாட்டுப் புல்வெளிக்கு ஏற்றது, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகே. அக்காலத்தில் மைசூர் நாட்டில் தோட்டக்கலை செழித்திருந்தது. 1908-இல் பெங்களூர் லால்பாக்கின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் மற்றொன்று பூக்குமாறு சாலை மரங்களைத் தேர்ந்தவர் என்பர். மடகாஸ்கரின் மயிற்கொன்றையும் அமெரிக்காவின் தூங்குமூஞ்சி மரமும் இவ்வாறு நம் சாலைகளுக்கு உறவாயின.

இதே ஊரில் வேறொரு தோட்டமும் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் நெருக்கமான ‘லைன்’ வீடுகளில் குடியிருந்தனர். அங்கே புல்வெளிக்கு இடம் ஏது? பாத்திரம் கழுவிய நீரைக் கொல்லையில் ஒரு முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ விடுவது நம் பெண்மக்களின் பழைய வழக்கம். பங்களாவின் புல் கண்ணுக்குக் குளிர்ச்சி தந்தது. ஏழையின் முருங்கை குழம்புக்குக் காய் தந்தது. ஒரு குடம் நீரை எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு இரண்டு வீடுகளும் இரண்டு விதமாக விடை கூறின.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் வசமாயின. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரியது, பொன் பிரித்த பின் கொட்டிய மண்மேடு. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அம்மண்ணை மக்கள் ‘சயனைடு மலை’ என்றே அழைப்பர். காற்றுக் காலத்தில் அதன் நுண்தூள் பறந்து வீடுகளில் படிகிறது. இத்தகைய ஊரில் வேலியோரத்து மரத்தை வெறும் அலங்காரம் என்று கூற இயலாது. இலை அடர்ந்த மரவரிசை காற்றின் வேகத்தைத் தணித்துத் தூசியின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. நிறுவனத்தின் தோட்டக்காரர் இல்லாத இந்நாளில் அம்மரத்தைக் காப்பது வீட்டுக்காரரின் கடமையாகும்.

அக்கடமையைப் பருவம் அறிந்து செய்தால் செலவு குறையும். சித்திரை, வைகாசியில் மூன்றடி ஆழக் குழி தோண்டி வெயிலில் ஆற விடுக. பின்னர் மட்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. முதல் மழை மண்ணை நன்கு நனைத்த பின் வேம்பு, புங்கு போன்ற வறட்சி தாங்கும் கன்றுகளை நடுக. ஆடிக் காற்றில் சாயாதிருக்கக் கொம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். புரட்டாசி, ஐப்பசி மழை வேரை ஆழமாக இறக்கும். அப்பொழுது அடியில் நீர் தேங்காமல் பார்த்துக் கொள்க. தை மாதத்தில் பட்ட கிளைகளைக் கழித்து, உதிர்ந்த சருகைக் கொளுத்தாது வேரடியில் பரப்புக. அது கோடையில் ஈரம் காக்கும். மாசி, பங்குனியில் நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழ நனையும்படி நீர் விடுவதே நன்று. கோடையில் அறுகம்புல் பழுத்துவிட்டதே என்று வருந்த வேண்டா. அதன் வேர் உறங்குகிறது. மழை கண்டதும் தானே தளிர்க்கும். புல்லுக்கென மிச்சப்படும் அந்த நீர் இளங்கன்றுக்குச் சேரட்டும்.

பூமியிலிருந்து எடுத்த பொன் திரும்பி வாராது. பொன் எடுத்தோர் விட்டுச் சென்ற மண்ணில் நிழலையேனும் நாம் வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு மரம் என்பது சிறு முயற்சியே. ஒரு தெரு முழுவதும் அதை மேற்கொண்டால், அடுத்த தலைமுறையினர் வெயிலிலும் தூசியிலும் ஓரளவேனும் காப்புப் பெறுவர்.