கோச்சடையான் (திரைப்படம்)

கோச்சடையான், 2014 மே 23 அன்று வெளியான தமிழ் அசைவூட்டப் படம். ரஜினிகாந்த் நடிக்க, அவருடைய மகள் சௌந்தர்யா இயக்கிய முதல் படம் இது. கதை, திரைக்கதை, வசனம் கே. எஸ். ரவிக்குமார், ஒளிப்பதிவு ராஜீவ் மேனன், இசை ஏ. ஆர். ரகுமான். பாடல் வெளியீட்டு விழா 2014 மார்ச் 9 அன்று சென்னை ராயப்பேட்டை சத்யம் திரையரங்கில் நடந்தது.

கதை

கோட்டைப்பட்டினத்தின் படைத்தலைவன் கோச்சடையான்மீது துரோகப் பழி விழுகிறது. மன்னன் அவனைக் கொல்விக்கிறான். பகை நாடான கலிங்கபுரியில் வளரும் மகன் ராணா, தந்தையின் பெயரை மீட்கத் திரும்பி வருகிறான். தந்தை, மகன் இருவரும் ரஜினிகாந்தே. தீபிகா படுகோனே, நாசர், சரத்குமார், ஷோபனா, ஜாக்கி ஷெராப், ஆதி ஆகியோரும் நடித்துள்ளனர்.

உருவாக்கம்

படம் 'மோஷன் கேப்சர்' முறையில் உருவானது. இதில், உடலெங்கும் குறிகள் பொருத்திய உடையணிந்து நடிகர்கள் நடிப்பார்கள். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அந்த அசைவைப் பதிவுசெய்யும். உடல், முகம், உடை, அரண்மனை எல்லாம் பிறகு கணினியில் உருவாகும். இப்படத்தின் பதிவில் ஒரு பகுதி லண்டனில் நடந்தது.

நிறைகள்

கணினி மாற்றியமைக்காத ஒன்று குரல். படத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. அறிமுகப் பாடலில் எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரல் எழும்போது, பல்லாண்டுகளாக ரஜினிக்கு அவர் பாடிய பாடல்களின் நினைவும் கூடவே எழுகிறது. அவரும் சாதனா சர்கமும் பாடிய 'மெதுவாகத்தான்' நல்ல மெல்லிசை. மணப்பெண்ணின் உறுதிமொழிப் பாடலை லதா ரஜினிகாந்த் பாடியுள்ளார். 'மன்னன்' (1992) படத்தில் பாடிய ரஜினியின் குரலும் இங்கே மீண்டும் பாடலில் ஒலிக்கிறது. 2009-இல் மறைந்த நடிகர் நாகேஷைக் கணினி வழியே திரையில் மீட்டது மரியாதைக்குரிய முயற்சி. பழிவாங்கலும் குடும்பப் பாசமும் பின்னிய ரவிக்குமாரின் கதை தொய்வில்லாமல் நகர்கிறது.

குறைகள்

முகங்கள் உயிர்பெறவில்லை. கண்கள் ஓரிடத்தில் நிலைக்க, உதடுகள் வசனத்தோடு முழுதாக ஒட்டாமல் அசைகின்றன. தீபிகாவின் உருவத்தில் இக்குறை மிகுதி. நடையிலும் விறைப்பு தெரிகிறது. போர்க்களக் கூட்டம் ஒரே வார்ப்பில் செய்த பொம்மைகள்போல் நகர்கிறது. ஒரு புருவ உயர்த்தலிலும் தலைமுடிக் கோதலிலும் அரங்கை ஆள்பவர் ரஜினி. அந்த நுட்பங்களே இங்கே மங்கிப்போகின்றன. 'அவதார்' (2009) நீலநிற வேற்றுலகத்தாரைக் காட்டியது. அவர்களை ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் முன்மாதிரி இல்லை. கோச்சடையானோ தமிழர்கள் மிக நன்றாக அறிந்த முகத்தையே வரைய முனைந்தது. அதில் சிறு பிழையும் உடனே தெரியும். இரண்டாம் பாகத்துக்கு வழிவிட்டு முடிவதால் கதையும் நிறைவடையவில்லை.

மதிப்பீடு

படம் எதிர்பார்த்த வெற்றியை எட்டவில்லை. ஆயினும் வழி தெரியாத தொழில்நுட்பத்தில் தமிழ் சினிமா துணிந்து வைத்த முதல் அடி இது. அதற்குரிய மதிப்பை மறுப்பது நியாயமாகாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இன்றும் அது ஒரு முழுமையான ரஜினி படம்.